மாடு ஓடியார போட்டோ ஏன் அவுட் ஆவுது? ஆட்டோஃபோகஸ்ல நம்ம பண்ற தப்புங்க

பொங்கல் முடிஞ்ச கையோட நம்ம வேலூர் மாவட்டத்துல அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் ஊருக்கு ஊரு எருது விடும் விழா ஆரம்பிச்சிடும், அன்னிக்கு சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்புல போட்டோவா வந்து கொட்டும். பாதி போட்டோவுல பின்னாடி கட்டின தடுப்பு கட்டையும் அதுமேல ஏறி நிக்கிற பசங்களும் பளிச்னு கீறாங்க, ஓடியார மாடு மட்டும் மங்கலா கீது. உடனே "கேமரா மாத்தணும்ணா"ன்னு ஒரு பேச்சு. மாத்துங்க, வேணாங்கல, ஆனா 9 ஃபோகஸ் பாயிண்ட் மட்டும் இருக்கிற கேனான் 1500டி-லயே ஓடற மாட்ட ஷார்ப்பா எடுக்கலாம், 153 பாயிண்ட் வெச்ச நிக்கான் டி500-அ கையில வெச்சிகினு அவுட் பண்றதும் நடக்கத்தான் செய்யுது.

முதல்ல தப்பு எங்கன்னே பாக்காம ஃபோகஸ திட்றாங்க. போட்டோவ ஜூம் பண்ணி பாருங்க. மாடு மங்கல், அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ இருக்கிற தரையோ கட்டையோ ஷார்ப்பு, அப்படின்னா ஃபோகஸ் தப்பான எடத்துல விழுந்திருக்கு. மாட்டோட காலுக்கு கீழ இருக்கிற மண்ணு ஷார்ப்பா இருந்து காலு மட்டும் கோடு இழுத்திருந்தா அது ஷட்டர் ஸ்பீடு பத்தல, 1/1000 செகண்டோ அத விட வேகமாவோ வெய்ங்க. எல்லாமே ஒரே பக்கமா இழுத்திருந்தா உங்க கை ஆடிருக்கு. லென்ஸ்ல ஸ்டெபிலைசர் இருக்கேன்னு 1/200-ல வெச்சிகினு நிக்காதீங்க, அது நம்ம கை ஆட்டத்ததான் புடிக்கும், மாட்ட புடிக்காது.

ஃபோகஸ்தான் பிரச்சனைன்னு தெரிஞ்சா அடுத்து ஃபோகஸ் மோடு. ஒன் ஷாட் (நிக்கான்ல ஏஎஃப்-எஸ்) வெச்சா ஒருவாட்டி புடிச்ச தூரத்துலயே லாக் ஆயிடும், நீங்க படம் எடுக்கறதுக்குள்ள மாடு நாலு மீட்டர் தாண்டிருக்கும். ஓடற எதுக்கும் கேனான்ல ஏஐ சர்வோ, நிக்கான்ல ஏஎஃப்-சி வெய்ங்க, பட்டன பாதி அழுத்தி இருக்கற வரைக்கும் ஃபோகஸ் கூடவே மாறிகினு இருக்கும். நடுவுல ஏஐ ஃபோகஸ், ஏஎஃப்-ஏன்னு ஒண்ணு இருக்கும், பொருள் நிக்குதா ஓடுதான்னு அதுவே முடிவு பண்ணுமாம், அந்த முடிவு எடுக்கற நேரத்துல மாடு போயிடும், எனக்கு அதுமேல நம்பிக்கையே கிடையாது. முழு ஆட்டோல டயல வெச்சா இதத்தான் அது எடுத்துக்கும். இன்னொண்ணு, ஏஐ சர்வோல பீப் சத்தம் வராது, வியூஃபைண்டர்ல பச்சை லைட்டும் எரியாது. இது தெரியாம "ஃபோகஸே ஆவலபா"ன்னு சொல்லி திரும்ப ஒன் ஷாட்டுக்கே போறவங்க எக்கச்சக்கம்.

இப்ப சொல்றதுதான் பெரிய தப்பு, மோடு எல்லாம் சரியா வெச்சவங்களும் இதுல மாட்டுவாங்க: மாடு பக்கத்துல வந்தப்புறம் கேமராவ தூக்கி டக்குனு பட்டன அழுத்தறது. டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ள கண்ணாடி வெச்ச நம்ம கேமரா, எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா ஏன்னு புரியும். லென்ஸ் வழியா வர வெளிச்சத்துல ஒரு பங்கு பெரிய கண்ணாடிய ஊடுருவி, அதுக்கு பின்னாடி இருக்கிற குட்டி கண்ணாடில பட்டு, கேமராவுக்கு அடில இருக்கிற ஃபோகஸ் சென்சாருக்கு போவுது. படம் எடுக்கசொல்ல அந்த ரெண்டு கண்ணாடியும் மேல போயிடும், அந்த நேரம் ஃபோகஸ் சென்சாருக்கு கண்ணு தெரியாது. அதனால கேமரா, இது வரைக்கும் மாடு எவ்ளோ வேகத்துல வந்துச்சுன்னு கணக்கு போட்டு, ஷட்டர் தொறக்கசொல்ல எங்க இருக்கும்னு யூகிச்சி லென்ஸ அங்க நகத்தி வெக்குது. யூகிக்கணும்னா அதுக்கு நீங்க பாக்க டைம் குடுக்கணும் இல்ல? வாடில இருந்து மாடு வெளிய வர அந்த நொடியே பாயிண்ட்ட அதுமேல வெச்சி பட்டன பாதி அழுத்தி கூடவே வாங்க, ஒரு செகண்டாவது ஆவட்டும், அப்புறம் மூணு நாலு ஷாட்டா அடிங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவுல கண்ணாடி கீழ எறங்கசொல்ல சென்சார் திரும்ப பாத்து கணக்க சரி பண்ணிக்கும். 1500டி செகண்டுக்கு 3 படம்தான் எடுக்கும், அதுக்கு நேரம் பாத்து அடிக்கறதுதான் வழி.

நேரா நம்மள பாத்து ஓடியார மாடுதான் ரொம்ப கஷ்டம், குறுக்க போறது ஈஸி. மாடு செகண்டுக்கு 10 மீட்டர் வருதுன்னு வெச்சிக்கோங்க. 40-ல இருந்து 30 மீட்டருக்கு வர ஒரு செகண்டுல லென்ஸ் லேசா நகந்தா போதும். அதே வேகத்துல 20-ல இருந்து 10-க்கு வர ஒரு செகண்டுல அத விட ஆறு மடங்கு நகரணும், ஏன்னா லென்ஸோட நகர்வு தூரத்துக்கு தலைகீழா போவுது. அதோட 10 மீட்டர்ல லென்ஸ 200 எம்எம் ஜூம்லயும், லென்ஸ் தொறப்ப (அபர்ச்சர்) எஃப் 5.6-லயும் வெச்சா ஷார்ப்பா இருக்கிற பகுதியே மொத்தம் அரை மீட்டர்தான். கொம்பு ஷார்ப்பா இருக்கும், திமில் போயிடும். அதனால 30, 20 மீட்டர்லயே எடுத்துட்டு வீட்ல க்ராப் பண்ணிக்கோங்க. இதுக்காக தடுப்ப தாண்டி தெருவுல எறங்கி நிக்கிறது மட்டும் வேணாம், வியூஃபைண்டர்ல கண்ண வெச்சவனுக்கு மாடு எவ்ளோ கிட்ட வந்துடுச்சின்னு தெரியாது.

பாயிண்ட் விஷயத்துக்கு வருவோம். எல்லா பாயிண்டையும் ஆன் பண்ணி விட்டா கூட்டத்துல நீட்டற கை, துண்டுன்னு எது கிட்ட இருக்கோ அத புடிச்சிக்கும். 1500டி, நிக்கான் டி3500 மாதிரி ஆரம்ப மாடல்ல நடு பாயிண்ட் ஒண்ணுதான் கிராஸ் டைப், அதாவது நெடுக்கு கோடு, படுக்கை கோடு ரெண்டையும் அது பாக்கும், சுத்தி இருக்கிறதெல்லாம் ஒரு திசைதான். அதனால நடு பாயிண்ட்ட மாட்டோட மூஞ்சில வெச்சிகினு வாங்க, ஓரத்துல கொஞ்சம் எடம் விட்டு எடுங்க. குறி நிக்க மாட்டேங்குதுன்னா நிக்கான்ல டைனமிக் ஏரியா வெக்கலாம், குறி கொஞ்சம் வழுக்கினாலும் பக்கத்து பாயிண்ட் தாங்கும். 3டி டிராக்கிங் கலர வெச்சி தொரத்தற வேலை, செம்மண் தெருவுல செவல மாடுன்னா அதுக்கே குழப்பம், வெள்ள மாட்டுக்கு பரவால்ல.

குறுக்க கை வந்தா என்ன பண்றது? டி7200, 80டி மாதிரி கேமராவுல ஃபோகஸ் எவ்ளோ சீக்கிரம் புது பொருளுக்கு தாவணும்னு செட் பண்ற எடம் இருக்கு, மெனு பேரு கம்பெனிக்கு கம்பெனி மாறும், அத மெதுவா தாவற பக்கம் வெச்சிடுங்க. அது இல்லாத கேமரான்னா ஃபோகஸ ஷட்டர் பட்டன்ல இருந்து பிரிச்சி பின்னாடி கட்டைவிரல் படற பட்டனுக்கு மாத்திக்கோங்க, 1500டி-ல கஸ்டம் ஃபங்ஷன்ல ஷட்டர்/ஏஇ லாக் பட்டன்னு கீது, நிக்கான்ல ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் குடுக்கணும். கை குறுக்க வந்தா கட்டைவிரல எடுத்துடுங்க, போனப்புறம் திரும்ப அழுத்துங்க. முதல் நாள் விரல் குழம்பும்தான், ரோட்ல சைக்கிள் ஓட்டற பசங்கள வெச்சி பழகிட்டு போங்க.

லைவ் வியூல ஸ்க்ரீன பாத்து எடுக்கறதும் வேணாம், 1500டி மாதிரி கேமராவுல அப்ப ஃபோகஸ் ரொம்ப மெதுவா தேடும் (70டி-யும் அதுக்கு அப்புறம் வந்த டூயல் பிக்ஸல் கேனானுங்களும் வேற கதை, அதுல படம் எடுக்கற சென்சாரே ஃபோகஸையும் வேகமா பாத்துக்கும்). எஃப் 8 வெச்சா ஃபோகஸுக்கு வெளிச்சம் பத்தாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது சரியில்ல, படம் எடுக்கற வரைக்கும் லென்ஸ் முழுசா தொறந்துதான் இருக்கும்.

வெளிச்சம் கம்மியான நேரத்துல, வைகாசி 1 குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா மாதிரி கூட்டத்துல எடுக்கசொல்ல, ஃபோகஸுக்கு உதவற லைட்டு சர்வோ மோடுல எரியாதுங்கறத ஞாபகம் வெச்சிக்கோங்க. அங்க ரெண்டு வழி: நடு பாயிண்ட்ட பூ மாலைக்கும் பின்னால இருக்கிற இருட்டுக்கும் நடுவுல வர விளிம்புல வெக்கிறது, இல்லன்னா ஊர்வலம் ஒரு நிமிஷம் நிக்கசொல்ல ஒன் ஷாட்டுக்கு மாறி எடுக்கறது.

இவ்ளோவும் பண்ணியும் எல்லா படத்துலயும் ஃபோகஸ் ஒரே மாதிரி பின்னாடியே விழுதுன்னா, நிக்கிற பொருள ஸ்டாண்டுல வெச்சி எடுத்து பாருங்க. அதுலயும் பின்னாடி விழுந்தாதான் லென்ஸ், பாடி கோளாறு. 80டி, டி7200-ல மெனுலயே சரி பண்ணிக்கலாம், 1500டி, டி5600-ல அந்த வசதி கிடையாது, சர்வீஸுக்குதான் குடுக்கணும், குடுக்கசொல்ல லென்ஸையும் பாடியையும் சேத்தே குடுங்க.