இருபது மணி நேரச் சிங்கப்பூர்: பழைய ஆட்கள் செய்யும் தவறுகள்

மாமா 2005இல் சிங்கப்பூரை விட்டு ஊருக்குத் திரும்பியவர். ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பதினோரு வருடம் வெல்டராக இருந்தார். போன ஆண்டு மெல்பர்னில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிற வழியில் 20 மணி நேரம் இங்கே இறங்கினார். சாங்கி விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஜூரோங் பறவைப் பூங்கா, செந்தோசா தீவின் மெர்லயன் (சிங்கத்தலை மீன் சிலை), சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை, ராத்திரி முஸ்தபா கடை, வீரமாகாளியம்மன் கோயில், கடைசியில் நான்கு பேரின் பெயர்.

முதல் மூன்றும் இப்போது இல்லை. பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, பறவைகள் மண்டாய்க்குப் போய்விட்டன. செந்தோசாவில் நின்ற பெரிய மெர்லயனை 2019இல் மூடி, பிறகு இடித்தே விட்டார்கள். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையோடு முடிந்தது. முஸ்தபா இருக்கிறது, ஆனால் கோவிட்டுக்கு முன்பு போல இரவு பகலாகத் திறந்திருப்பதில்லை. இதையெல்லாம் சொன்னபோது மாமாவின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. நான்தான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

வருடங்கள் கழித்து வருகிற நிறைய பேர் இப்படித்தான் வருகிறார்கள். புதிதாக வருபவர் எதுவும் தெரியாது என்பதால் விசாரித்து வருவார். பழைய ஆள் தெரியும் என்ற நம்பிக்கையில் விசாரிக்காமல் வருவார். மனதில் இருக்கும் ஊரை வைத்து நேரத்தைக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. போக நினைக்கும் ஒவ்வோர் இடத்தையும், நன்றாகத் தெரிந்த இடமாக இருந்தாலும், ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தங்கியிருந்த புளோக்குக்கும் இது பொருந்தும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் பல இடிக்கப்பட்டு அங்கே வேறு கட்டடங்கள் வந்துவிட்டன.

அடுத்தது தாள் சம்பந்தப்பட்டது. விமானத்தில் பேனா கடன் வாங்கி வெள்ளை அட்டையை நிரப்பிய காலம் போய்விட்டது. இப்போது எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள். குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள். கடவுச்சீட்டில் முத்திரையும் குத்த மாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். அதனால் பேரனின் மின்னஞ்சலைக் கொடுக்காமல், நீங்களே கைப்பேசியில் திறந்து பார்க்கக்கூடிய முகவரியைக் கொடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களில் பலர் விசா விஷயத்தில்தான் தடுமாறுகிறார்கள். முன்பு வேலை அனுமதியில் இருந்ததற்கும் இப்போது உள்ளே வருவதற்கும் சம்பந்தமே இல்லை, விசா வேண்டும். ஆனால் ஒரு சலுகை உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் விசா கையில் இருந்து, 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் இருந்தால், இடைவழியில் விசா இல்லாமலே ஊருக்குள் வரலாம். அந்த விசாவுக்குக் குறைந்தது ஒரு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்து சென்னைக்கே திரும்புபவர்களுக்கு இது கிடையாது. கடைசி முடிவு அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியுடையது. ஆஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை. எனவே அதையும் டிக்கெட்டையும் அச்செடுத்து வைத்திருங்கள். மாமா கொண்டு வந்திருந்தார், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

பெட்டி விஷயம் ஒன்று. சென்னை-சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்-மெல்பர்ன் வேறொரு டிக்கெட் என்று மலிவாகத் தனித்தனியே வாங்கினால், பெரும்பாலும் பெட்டியை இங்கே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் காத்திருக்காது. டிக்கெட் வாங்கும்போதே பெட்டி கடைசி ஊர் வரை போகுமா என்று கேட்டுவிடுங்கள்.

பெட்டிக்குள் இருப்பது அதைவிட முக்கியம். அம்மாக்கள் குருமாவுக்கு என்று கசகசா கட்டிக் கொடுப்பார்கள். அது அபின் செடியின் விதை, அனுமதியில்லாமல் இங்கே கொண்டுவரக் கூடாது. மென்று துப்பும் புகையிலைக்கும் தடை. மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். சாதாரண சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரே ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரி கட்ட வேண்டும். ‘அந்தக் காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று சொல்லும் நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இனி நேரத்துக்கு வருகிறேன். மாமா கோட்டைவிட்டது இங்கேதான், நானும் உடந்தை.

காகிதத்தில் 20 மணி நேரம் என்று இருந்தாலும் கைக்கு வருவது அதில் மூன்றில் இரண்டு பங்குதான். சென்னையில் நள்ளிரவு ஏறி இங்கே காலை ஆறு மணிக்கு இறங்கினால், உடம்புக்கு அப்போது அதிகாலை மூன்றரை. தூக்கம் நான்கு மணி நேரம்கூட இருக்காது. ஹோட்டல் அறை பொதுவாகப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். குடிநுழைவு, பெட்டி, ரயில் எல்லாம் சேர்த்துத் தேக்கா (லிட்டில் இந்தியா) போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் வையுங்கள். திரும்பும்போது விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே கிளம்ப மனம் சொல்லும். அறுபது தாண்டியவருக்கு நடுவில் இரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பதின்மூன்று மணி நேரம் சொச்சம்.

அந்தப் பதின்மூன்று மணி நேரத்தில் மேற்கே ஜூரோங்குக்குப் போய்விட்டு நகரின் நடுவில், கோயில் இருக்கும் சிராங்கூன் சாலைக்கு வருவது என்பது ரயிலிலேயே பாதி நாளைத் தொலைப்பது. நாங்கள் அதைத்தான் செய்தோம். மாமா தங்கியிருந்த கட்டடம் இருந்த இடத்தில் வேலி போட்டிருந்தார்கள். அங்கிருந்து வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியாகிவிட்டது. இங்குள்ள கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் மூடி மாலையில்தான் திறக்கும், மாமாவுக்கும் அது தெரியும். பதினோரு வருடம் வாராவாரம் போன கோயிலின் முன்னால், சாலையோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வேறு எதற்கும் அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

வழி: பெட்டியைச் சாங்கியில் இருக்கும் பொருள் பாதுகாப்பகத்தில் கட்டணம் கட்டி விட்டுவிடலாம். பழைய ஆட்கள் தானா மேரா போய் மாறுவார்கள். இப்போது அடுத்த நிலையமான எக்ஸ்போவிலேயே டவுன்டவுன் தடத்துக்கு மாறி, ஜாலான் புசாரில் இறங்கி நடந்தால் கொஞ்ச நேரத்தில் சிராங்கூன் சாலை. ஒருவழிப் பயணச் சீட்டு இயந்திரத்தைத் தேட வேண்டாம், அது இல்லை. வெளிநாட்டு வங்கியின் விசா அல்லது மாஸ்டர்கார்டு கட்டண அட்டையைத் தட்டியே போகலாம், ஒரு சிறு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். கடைசி ரயில் நள்ளிரவுக்கு முன்பே போய்விடும். சாப்பிட்ட பிறகு உணவங்காடியில் தட்டை அப்படியே விட்டு எழுந்துவிடாதீர்கள், 2021 செப்டம்பரிலிருந்து நாமே எடுத்து வைக்க வேண்டும்.

வெளியே வர விசா வசதி இல்லாதவர்கள் சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கடைத்தொகுதியின் நீர்வீழ்ச்சியைப் பார்க்கத் திட்டமிடுவதும் நடக்கிறது. அந்த 40 மீட்டர் அருவி குடிநுழைவைத் தாண்டி வெளியே இருக்கிறது. உள்ளே இருந்தபடி நேராக அங்கே போக முடியாது.

சரி, அந்த நான்கு பெயர்கள். மாமா யாருக்கும் முன்னால் சொல்லவில்லை, ‘போய் நின்றால் சந்தோஷப்படுவான்’ என்றார். ஊரில் அது சரி. இங்கே எல்லாருக்கும் ஷிஃப்ட். ஒருவர் மலேசியாவின் ஜொகூருக்குக் குடிபோயிருந்தார், இரண்டு பேரின் எண் மாறிவிட்டது. நான்காமவர், பட்டறையில் மாமாவோடு ஒரே அறையில் இருந்தவர், இப்போது பேருந்து ஓட்டுகிறார். அன்று அவருக்குப் பிற்பகல் ஷிஃப்ட். ஈசூன் பேருந்து முனையத்தில், இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் பத்து நிமிடம் கிடைத்தது. சீருடையோடு வந்து மாமாவின் கையைப் பிடித்தவர், பத்து நிமிடமும் விடவில்லை. என்ன பேசினார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது.

ஒருவரைப் பார்ப்பதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், அவர் விடுப்பு எடுக்கட்டும். முதலில் அந்த மனிதரின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மிச்சத்தில் இடங்களைப் போடுங்கள். நான்கு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். நான்கு வீட்டுக்குப் போனால் நான்கு இடத்திலும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து ஓடத்தான் நேரம் இருக்கும். விட்டுப்போனவர்களுக்கு மனத்தாங்கல் வரும் என்று பயந்தால், எல்லாரையும் தேக்காவுக்கு ஒரே நேரத்தில் வரச் சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து மெல்பர்னிலிருந்து திரும்பும்போது மாமா மறுபடி 14 மணி நேரம் இறங்கினார். இம்முறை தாளில் இரண்டு வரிதான். காலை எட்டு மணிக்குக் கோயில். ஒன்பதரைக்குத் தேக்கா, அந்த நண்பரோடு. அவர் விடுப்பு எடுத்திருந்தார். நான் வேலைக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது, இரண்டு பேரும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் நான்கைந்து காலி தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குவளைகள்.