அரசின் ரகசியத் தரவை வாங்கும்முன்: தில்லியில் ஆய்வு செய்பவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு

அரசுத் தரவு எல்லாம் ஒரே மாதிரி இல்லை. புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவு (வீடு வீடாகத் தனித்தனி வரியில் இருக்கும் தரவு) தளத்தில் பெயரைப் பதிந்து இறக்கிக்கொள்ளும் என்எஸ்எஸ் (தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு), பிஎல்எஃப்எஸ் (தொழிலாளர் கணக்கெடுப்பு) கோப்புகள் ஒரு ரகம். அவற்றுக்கும் நிபந்தனை உண்டு, ஆனால் தனி அறை தேவையில்லை. ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து, துறை அனுமதியோடு வாங்குவது இரண்டாவது ரகம்: நுணுக்கமான இடக்குறியீடு உள்ளவை, ஆலைகளின் அடையாள எண் உள்ளவை, நிர்வாகப் பதிவேடுகளோடு இணைத்தவை. மூன்றாவது ரகம் உங்கள் கைக்கு வராது, நீங்கள்தான் அது இருக்கும் அறைக்குப் போக வேண்டும். ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் உள்ள சென்சஸ் நுண்தரவுப் பணிநிலையம் அப்படிப்பட்டது. இந்தக் கையேடு முக்கியமாக இரண்டாவது ரகத்துக்கு. பூட்டும் சாவியும் முழுக்க உங்கள் பொறுப்பில் இருப்பது அதில்தான்.

"பெயரைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகென்ன ரகசியம்?" என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். தரவில் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: தென்மேற்கு தில்லி, தாய்மொழி தமிழ், வீட்டில் ஏழு பேர், குடும்பத் தலைவி கணவரை இழந்தவர், வயது 61, ஒரு பிள்ளைக்குப் பார்வை இல்லை. பெயரும் கதவு எண்ணும் இல்லைதான். ஆனால் ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலில் நாலு பேரிடம் கேட்டால் யார் வீடு என்று தெரிந்துவிடும். அதே வரியில் அந்த வீட்டின் கடனும் மருத்துவச் செலவும் இருக்கும். அமெரிக்காவில் 1990 சென்சஸை வைத்து லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் கணக்கிட்டபோது, பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டுமே 87 சதவீத மக்களைத் தனித்துக் காட்டப் போதுமாக இருந்தன. வீட்டுக் கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளரிடம், யாருக்கும் போகாது என்ற வாக்கை நம்பித்தான் அந்த அம்மா வாய் திறந்தார். அந்த வாக்கைக் காப்பாற்றுவது இப்போது உங்கள் வேலை.

சட்டம் சொல்வது

2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தில் 9ஆம் பிரிவு, வாங்கிய தகவலைப் புள்ளியியல் நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. ஆய்வாளருக்கு வழிவிடுவது 11ஆம் பிரிவு. அதற்கு மூன்று நிபந்தனைகள்: தகவல் தந்தவரின் பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், வாங்குபவர் உண்மையான ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவதாக உறுதிமொழி தர வேண்டும், தரவின் பாதுகாப்பு குலையாது என்று அரசுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அந்த மூன்றாவது நிபந்தனைக்குத்தான் பாதுகாப்புத் திட்டம் எழுதுகிறோம். சென்சஸுக்குத் தனிச் சட்டம். 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அதன் பதிவேடுகளை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது.

பாதுகாப்புத் திட்டம் எழுதுவது

"தரவு கடவுச்சொல் உள்ள லேப்டாப்பில் பாதுகாப்பாக வைக்கப்படும்" என்று ஒரு வரியில் முடிப்பதுதான் பலர் செய்வது. அது கேள்விகளோடு திரும்பி வரும். ஒரு கேள்வியை மனதில் வைத்து எழுதுங்கள்: இரவு இரண்டு மணிக்கு அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அந்த நேரத்தில் யார் யாரால் அதன் அருகே போக முடியும்? கட்டிடம், மாடி, அறை எண், எத்தனை சாவி, ஒவ்வொரு சாவியும் யாரிடம், துப்புரவுக்கு யார் எப்போது வருகிறார்கள், கணினியின் சீரியல் எண், எந்தக் குறியாக்கம் (என்கிரிப்ஷன்), பயன்படுத்துவோர் பெயர்ப் பட்டியல், தரவை அழிக்கும் தேதி: இத்தனையும் வர வேண்டும். உறுதிமொழியில் ஆய்வு வழிகாட்டி மட்டும் கையெழுத்திட்டால் போதாது. தரவைத் தொடும் ஒவ்வொருவரும், இரண்டு மாதத்துக்கு வரும் உதவியாளர் உட்பட, தனித்தனியே கையெழுத்திட வேண்டும்.

அறை பெரும்பாலும் உங்கள் பல்கலைக்கழகத் துறையில்தான் அமையும். முனிர்க்காவிலோ பேர் சராயிலோ பகிர்ந்து தங்கும் அறை இதற்கு ஆகாது, அறைத் தோழர் எவ்வளவு நல்லவரானாலும் சரி. திரை நடைபாதைச் சன்னல் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. கதவில் ஒரு வருகைப் பதிவேட்டைத் தொங்கவிடுங்கள். ஏசி பழுதுபார்க்க வந்தவரின் பெயரும் நேரமும் அதில் ஏற வேண்டும்.

கணினி

டெஸ்க்டாப் நல்லது. தூக்கிக்கொண்டு போக முடியாததே அதன் பலம். 2006இல் அமெரிக்கப் படைவீரர் நலத்துறையின் பகுப்பாய்வாளர் ஒருவர் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டில் திருடன் புகுந்தான். 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரம் அவன் எடுத்துப் போன லேப்டாப், ஹார்டு டிஸ்க்கோடு போனது. கருவிகள் பிறகு கிடைத்தன என்றாலும் யாரும் நிம்மதியாக இல்லை.

தரவு வந்தபின் இந்தக் கணினி இணையத்தைத் தொடாத தனிக் கணினியாக இருக்க வேண்டும். அதற்கு வரிசை முக்கியம். முதலில் இணையத்தோடு இருக்கும்போதே ஸ்டேட்டா, ஆர் ஆகிய புள்ளியியல் மென்பொருள்கள், தேவையான பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் நிறுவி ஓட்டிப் பாருங்கள். பிறகு பேக்கேஜ் ஒன்று விட்டுப்போய், "ஐந்து நிமிஷம் வைஃபை போடுகிறேன்" என்று ஆரம்பிப்பதில்தான் தனிக் கணினி தனிக் கணினியாக இல்லாமல் போகிறது. அடுத்து முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்யுங்கள்: விண்டோஸில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ். தரவு உள்ளே வரும் முன்பே செய்ய வேண்டும், காரணம் கடைசியில் வருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபடி குறியாக்கம் செய்தால் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலைப் பூட்டிச் சாவியைத் தெருவில் தொங்கவிட்ட கதை அது. உள்ளூர்க் கணக்கில் வேலை செய்யுங்கள். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வேறு அறையின் பீரோவில் வையுங்கள். ஒன்டிரைவையும் மற்ற மேகச் சேமிப்பு எதையும் வெறுமனே நிறுத்தாமல், அகற்றியே விடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளை அவை கேட்காமலே மேலே ஏற்றிவிடும்.

அப்புறம் வைஃபை அட்டையைக் கழற்றிவிடலாம், அல்லது பயாஸில் (கணினி தொடங்கும்போதே வரும் அடிப்படை அமைப்பில்) வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்து, பயாஸுக்கே கடவுச்சொல் போடலாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு. தொடாமல் ஐந்து நிமிஷம் இருந்தால் திரை தானே பூட்டிக்கொள்ள வேண்டும். கடவுச்சொல்லுக்குத் தொடர்பில்லாத நாலைந்து சொற்களை வரிசையாகக் கோர்ப்பது நல்லது.

யூபிஎஸ் கட்டாயம். கோடையில் மின்சாரம் போய்ப் போய் வரும் கட்டிடங்களில் இதன் அருமை தெரியும். வேலை அழிந்துவிடும் என்பது மட்டும் காரணமல்ல. ஸ்டேட்டா தன் தற்காலிகக் கோப்புகளை ஒழுங்காக மூடும்போதுதான் துடைத்துவிட்டுப் போகும். நடுவில் மின்சாரம் போனால் தரவின் பிரதிகள் தற்காலிகக் கோப்புறையில் அப்படியே கிடக்கும். கணினியை முறையாக அணைக்கும் அளவுக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் போதும்.

பழுது வந்தால் டிஸ்க்கோடு நேரு பிளேஸ் கணினிக் கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். வாங்கும்போதே, பழுதான டிஸ்க்கைத் திருப்பிக் கேட்காத வாரண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண வாரண்டியில் புது டிஸ்க் தந்துவிட்டுப் பழையதை எடுத்துப் போய்விடுவார்கள்.

மென்பொருள் ஒளித்து வைப்பவை

மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்பவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். தரவுக் கோப்பை வெளியே எடுக்கவே மாட்டார்கள். ஆனால் வெளியே எடுக்கும் வேறு ஏதோ ஒன்றுக்குள் தரவு உட்கார்ந்திருக்கும்.

ஆர் மென்பொருளில் ஒரு ரெக்ரஷனை (ஒன்றோடொன்று உள்ள தொடர்பை எண்ணில் காட்டும் பகுப்பாய்வை) ஓட்டி அந்த மாடலைக் கோப்பாகச் சேமித்தால், விடையாக வரும் குணகங்களோடு அதில் பயன்பட்ட தரவு வரிகளும் சேர்ந்தே போகும். குணகங்களை மட்டும் எழுத்துக் கோப்பாக எடுங்கள். வெளியேறும்போது பணிவெளியைச் சேமிக்கும் வசதியை "ஒருபோதும் வேண்டாம்" என்று மாற்றிவையுங்கள். ஸ்டேட்டாவின் வரைபடக் கோப்பில் படத்துக்குப் பின்னால் தரவும் இருக்கும். படமாக, பிஎன்ஜி வடிவில் எடுங்கள். லாக் கோப்பை முழுக்கப் படிக்காமல் வெளியே விடாதீர்கள். சந்தேகத்துக்கு ஒருமுறை அடித்த "லிஸ்ட்" கட்டளை இருபது வீட்டின் விவரத்தை அங்கே கொட்டி வைத்திருக்கும். "சம்மரைஸ்" காட்டும் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டும்கூடச் சராசரிபோல் பலரின் எண் அல்ல. அவை ஒரே ஒரு வீட்டின், ஒரே ஒரு ஆலையின் எண்.

எக்ஸெல் இதில் மிக மோசம். பிவட் அட்டவணையை (தரவைத் தொகுத்துக் காட்டும் சுருக்க அட்டவணையை) மட்டும் வைத்துக்கொண்டு மூலத் தாளை அழித்தாலும், அட்டவணைக்குள் மூலத்தின் முழுப் பிரதி இருக்கும். இரட்டைக் கிளிக் செய்தால் வந்து நிற்கும். வேர்டில் ஒட்டிய எக்ஸெல் வரைபடத்தின் பின்னாலும் முழுப் புத்தகமும் தொங்கலாம். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை தகவல் உரிமைக் கேள்வி ஒன்றுக்குப் பதிலாக அனுப்பிய எக்ஸெல் கோப்பில் மறைவாகக் கிடந்த ஒரு தாள், ஏறத்தாழ 10,000 பணியாளர்களின் பெயரை வெளியிட்டுவிட்டது. எக்ஸெல்லை வெளியே விடுவதே இல்லை என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

அட்டவணைகளைச் சோதிப்பது

ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் எத்தனை வீடு என்று பாருங்கள். மாதிரியை மொத்த மக்களுக்குப் பெருக்கிக் காட்டும் மல்டிப்ளையர் போட்ட எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாதிரிக் கணக்கெடுப்பில் "42,000 பேர்" என்று வரும் கட்டத்துக்குப் பின்னால் உண்மையில் பேட்டி கண்டது மூன்றே வீடாக இருக்கலாம். அப்படிப் பெருக்காத, எடையில்லாத எண்ணிக்கைதான் கணக்கு. ஒப்பந்தத்தில் கீழ் வரம்பு இருந்தால் அது, இல்லையென்றால் 10 வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகமும் தன் ஆய்வாளர்களிடம் அந்த எண்ணைத்தான் கேட்கிறது.

ஒரு கட்டத்தை மறைத்துவிட்டு வரிசையின் மொத்தத்தைக் காட்டினால் கழித்தல் தெரிந்த யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே வரிசையில் இன்னொன்றையும், அவற்றின் பத்திகளிலும் தலா ஒன்றையும் மறைக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு கட்டுரைகளுக்கு இடையிலும் இதே கழித்தல் நடக்கும். முதலாவதில் ஒரு மாவட்டத்தின் 214 வீடுகள், இரண்டாவதில் வெளியூரிலிருந்து வந்தவர்களை விட்டுவிட்டு 210. இரண்டு அட்டவணையும் தனித்தனியே பார்த்தால் பத்திரம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலு வீடு நடுத்தெருவில் நிற்கும். அதனால் வெளியே போன ஒவ்வொரு அட்டவணையையும் தேதியோடு ஒரு கோப்பில் வையுங்கள்.

தொழிற்சாலைத் தரவில் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு மாவட்டத்தில் 12 சிமென்ட் ஆலைகள், மொத்த உற்பத்தி 100 கோடி என்று வையுங்கள். வரம்பு 10, ஆகவே தேறிவிட்டது. ஆனால் பெரிய ஆலை 80 கோடி, அடுத்தது 14, மீதிப் பத்தும் சேர்ந்து 6. இரண்டாவது ஆலைக்காரர் தன் 14ஐக் கழித்தால் 86. போட்டியாளரின் உண்மையான எண்ணுக்கு அது 7.5 சதவீதம்தான் தள்ளி இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான். சோதனை எளிது: முதல் இரண்டையும் நீக்கிய மீதி, முதலாவதின் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் கட்டம் வெளியே போகக் கூடாது. இங்கே மீதி 6, வரம்பு 8. பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துக் காட்டலாம்.

தரவுகளை இணைப்பது பற்றி ஒன்று. ஆண்டுதோறும் தொழிற்சாலைகளிடம் எடுக்கும் ஏஎஸ்ஐ கணக்கெடுப்பின் தரவில் ஓர் ஆண்டின் இறுதிச் சரக்கு இருப்பும் அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருப்பதால், அடையாள எண் இல்லாமலே ஆலையைத் தொடர்ந்து பிடித்துவிட முடியும். முடியும் என்பதற்காகச் செய்யக் கூடாது. விண்ணப்பத்தில் எழுதி அனுமதி வாங்காத இணைப்பு, நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் ஒப்பந்த மீறல்.

தவறு நடந்தால்

பென்டிரைவ் தொலைந்தது, கோப்பு வாட்ஸாப் குழுவில் போய்விட்டது, ஏதோ ஒன்று. அவசரத்தில் எதையும் அழிக்காதீர்கள். என்ன போனது, எப்போது, யாரிடம் என்பது பிறகு தெரிய வேண்டும். குழுவிலிருந்து நீக்குவதற்கு முன் யார் யார் திறந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே வழிகாட்டிக்கும், தரவு தந்த துறைக்கும், ஐடி பிரிவுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லும், அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு 2022 ஏப்ரலில் வந்தது. உங்களிடமிருந்து சேதி போனால்தான் நிறுவனத்தால் அந்தக் கெடுவுக்குள் செயல்பட முடியும். பயந்துகொண்டு மூன்று நாள் மறைப்பதுதான் சிறு தவறைப் பெரிதாக்குகிறது.

முடிந்ததும்

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது அழிப்பு அல்ல. எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் மேலே மேலே எழுதி அழிப்பதும் நம்பக்கூடியதல்ல, ஏனென்றால் அது புதிதாக எழுதுவதை வேறு இடத்தில் எழுதும், பழையது எங்கோ மிஞ்சியிருக்கும். முதல் நாளிலிருந்தே குறியாக்கத்தில் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை: சாவியை அழித்துவிட்டால் மிச்சமிருப்பது புரியாத குப்பை. உறையில் வைத்த மீட்புத் தாளையும் அப்போதே கிழித்துப் போட வேண்டும். அழித்த தேதி, சீரியல் எண், முறை, இரண்டு பேர் கையெழுத்து ஆகியவற்றோடு தரவு தந்த துறைக்குச் சான்று அனுப்புங்கள்.

நிரல் கோப்புகளை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் உங்கள் முடிவைச் சரிபார்க்க அவை தேவை. பொதுவில் போடும் முன் ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். சந்தேகமான ஒரு வீட்டை நீக்க அதன் அடையாள எண்ணையே கட்டளைக்குள் எழுதி, பக்கத்தில் "வருமானம் நம்பும்படி இல்லை, கணவர் வெளிநாட்டில்" என்று குறிப்பும் போட்டிருப்பீர்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, விதியாக மாற்றி எழுதுங்கள்.