அலுவலக விருந்துக்கு உணவகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவருக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, அல்லது பல மாதம் இழுத்த வேலை ஒன்று நல்லபடியாக முடிந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடலாம் என்று பேச்சு எழுகிறது. உடனே யாராவது வாட்ஸ்அப் குழுவில் ஓர் உணவகத்தின் லிங்கைப் போடுகிறார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுகின்றன. எல்லோரும் ஓகே சொல்லிவிட்டார்கள் என்று இடத்தையும் பதிவு செய்துவிடுகிறோம். முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது.

அலுவலகத்தில் ஒருவர் சரி என்று சொல்லப் பல காரணங்கள் உண்டு. மேலாளர் சொன்ன இடம் என்பதால் சரி. வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால் சரி. தன் ஒருத்தியால் மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்பதால் சரி. ஜெரி ஹார்வி என்ற அமெரிக்க மேலாண்மை அறிஞர் 1974இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தன் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். கொளுத்தும் வெயிலில், ஏசி இல்லாத காரில், 53 மைல் தள்ளியிருந்த அபிலீன் என்ற ஊருக்கு நான்கு பேர் சாப்பிடப் போய்த் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நால்வரில் ஒருவருக்குக்கூடப் போக விருப்பமில்லை. மற்றவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். சொந்த வீட்டுக்குள்ளேயே இப்படியென்றால், சம்பளமும் பதவியும் குறுக்கே நிற்கிற இடத்தில் யார் வாய் திறந்து மறுப்பார்கள்?

அதனால் குழுவில் பொதுவாகக் கேட்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். எங்கே போகலாம் என்ற கேள்வியும் வேண்டாம். சாப்பிடவே கூடாதது ஏதாவது உண்டா, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், வந்து போவதில் சிரமம் இருக்கிறதா என்ற மூன்றும் போதும். காரணம் கேட்க வேண்டாம். உடல்நிலை, நம்பிக்கை, வீட்டுச் சூழல் எல்லாம் அவரவர் சொந்த விஷயம். பதில்களுக்குப் பொருந்துகிற இரண்டு மூன்று இடங்களை மட்டும் பிறகு குழுவில் போட்டு வாக்கெடுக்கலாம். பத்துப் பேருக்கு மிகவும் பிடித்து ஒருவர் பட்டினி கிடக்கிற இடத்தைவிட, பதினொரு பேரும் நிம்மதியாகச் சாப்பிடுகிற சுமாரான இடம் எவ்வளவோ மேல்.

அடுத்த தவறு, நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் நம்புவது. இதை நானே செய்திருக்கிறேன், இன்னும் உறுத்துகிறது. பணி ஓய்வு பெறும் ஒரு மூத்த சகாவுக்கு விருந்து. நாங்கள் பதினான்கு பேர். மதிப்பீடு நன்றாக இருந்த ஓர் இடத்தைப் பிடித்தேன். நீளமான ஒரே மேசை, தலைக்கு மேலே ஸ்பீக்கர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இரண்டு மணி நேரமும் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். யார் பேசியதும் சரியாகக் கேட்கவில்லை என்று மறுநாள் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவரைப் பற்றி நாங்கள் சொன்ன நல்ல வார்த்தைகள் அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

ஒலியை அளக்கும் கணக்கில் சாதாரணப் பேச்சின் சத்தம் சுமார் 60 டெசிபல். கூட்டம் நிறைந்த உணவகத்தில் சத்தம் 80 டெசிபலைத் தாண்டுவது உண்டு. டெசிபல் கணக்கில் 10 கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். அதோடு நிற்பதில்லை. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் இது அழைக்கப்படுகிறது. ஒரு மேசையில் குரல் உயர, பக்கத்து மேசையிலும் உயர, சற்று நேரத்தில் அறை முழுவதும் கத்திக்கொண்டிருக்கும். கண்ணாடிச் சுவர், வெறும் தளம், உயரமான கூரை உள்ள இடங்களில் எதிரொலி இதை இன்னும் மோசமாக்கும். திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை, தடுப்புகள் உள்ள இடம் நல்லது. விருந்து வெள்ளிக்கிழமை இரவு என்றால், முந்தைய வெள்ளிக்கிழமை இரவு அதே நேரத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு அமைதியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். போகும்போதே வாசலில் படிகள் எத்தனை, கழிப்பறைக்கு மாடி ஏற வேண்டுமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மேசையின் வடிவத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, இயல்பாக உருவாகும் ஓர் உரையாடல் சுமார் நான்கு பேரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரியும். நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு எதிரில் ஒருவர், பக்கத்தில் ஒருவர், அவ்வளவுதான். பெரும்பாலும் அந்த ஓரம் புதிதாகச் சேர்ந்தவருக்கே வாய்க்கிறது. பதினான்கு பேர் என்றால் ஏழேழு பேர் அமரும் இரண்டு வட்ட மேசைகளை அருகருகே போடச் சொல்லுங்கள். ஐந்தடி விட்டமுள்ள வட்ட மேசையில் எட்டுப் பேர்வரை உட்காரலாம். சாப்பாட்டுக்கு நடுவில் பாதிப் பேர் இடம் மாறிக்கொண்டால் இன்னும் நல்லது.

சாப்பாட்டு விஷயத்தில் 'ஏதாவது இருக்கும்' என்று விட்டுவிடுவது பெரிய தவறு. பிடிக்காததும் ஒவ்வாததும் ஒன்றல்ல. நிலக்கடலை, பால், முட்டை, கோதுமை, மீன், எள் போன்றவை ஒவ்வாமை உள்ளவருக்குச் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். போனில் கேட்டால் "அது போடாமல் செய்து தருகிறோம்" என்பார்கள். அதோடு விடாதீர்கள். பாத்திரம் வேறா, பொரிக்கும் எண்ணெய் வேறா, கரண்டி வேறா என்று கேளுங்கள். ஒரே எண்ணெயில் எல்லாவற்றையும் பொரிக்கும் சமையலறையில் 'போடாமல்' என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை. சைவம் மட்டும் உண்பவர்களுக்கும் இந்தக் கேள்வி முக்கியம். மது அருந்தாதவர்கள் இருந்தால், குடிப்பதையே மையமாக வைத்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு பேருக்கு அருமையாகப் பரிமாறும் சமையலறை, ஒரே நேரத்தில் பதினான்கு தட்டுகள் கேட்டால் திணறலாம். பாதிப் பேர் சாப்பிட்டு முடிக்கும்போது மீதிப் பேருக்கு முதல் தட்டு வரும். முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிடுவது, அல்லது குழுக்களுக்கென்று அவர்கள் வைத்திருக்கும் குறுகிய மெனுவை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

அப்புறம் பணம். இதைத்தான் எல்லோரும் கடைசிவரை பேசாமல் ஒதுக்குகிறோம். பில்லை ஆள் எண்ணிக்கையால் வகுத்துவிடலாம் என்பது கேட்க எளிது. பொருளாதார அறிஞர் யூரி நீஸியும் இரு சக ஆய்வாளர்களும் ஓர் உணவகத்தில் ஆறு ஆறு பேராக அமரவைத்துச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். தான் சாப்பிட்டதற்குத் தானே கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, சமமாகப் பிரியும் என்று அறிந்தவர்கள் அதிகமாக ஆர்டர் செய்தார்கள். ஆனால் எந்த முறை வேண்டும் என்று கேட்டபோது, பெரும்பாலோர் தனித்தனியாகக் கொடுப்பதையே விரும்பினார்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டு நிறையக் கொடுக்கும் ஒருவர் எல்லா மேசையிலும் இருக்கிறார், அவர் வாய் திறப்பதில்லை. யார் கொடுக்கிறார்கள், நிறுவனம் கொடுத்தால் எவ்வளவு வரை, விழா நாயகரின் பங்கை யார் ஏற்கிறார்கள் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். தனித்தனி பில் போடுவார்களா என்று உணவகத்தில் முன்பே கேளுங்கள்.

தூரத்தை அலுவலகத்திலிருந்து மட்டும் அளக்கக் கூடாது. இரவு பத்து மணிக்கு அங்கிருந்து ஒவ்வொருவரும் எப்படி வீடு போவார்கள் என்று யோசியுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் எட்டரை மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

விருந்துக்கு முந்தைய நாள் ஒரு போன் செய்து ஆள் எண்ணிக்கையை உறுதி செய்யுங்கள். ஒவ்வாமை பற்றிச் சொன்னது சமையலறை வரை போயிருக்கிறதா என்று மறுபடியும் கேளுங்கள். இரண்டு பேர் வராவிட்டால் முன்பணத்தில் பிடிப்பார்களா, கேக் வெளியிலிருந்து கொண்டுவரலாமா, மேசையை எத்தனை மணிக்கு விட வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாழ்த்திப் பேச ஒருவர் எழுந்து நிற்கும் நேரத்தில், அடுத்த குழு வாசலில் காத்திருக்கிறது என்று யாரும் வந்து சொல்லக் கூடாது.