தராசு வாங்கும் முன்: இலை ஃபேக்டரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் இலைக் கொள்முதலைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் பண்ணிய கூத்தையே திரும்பப் பண்ணுகிறார்கள். சார்ஜ் போட மறப்பது, பாஸ்வேர்டைச் சுவரில் எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

கழிவை முடிவு செய்யாமல் தராசு வாங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் எடையில் கழிப்பது ஊரறிந்த வழக்கம். எவ்வளவு என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு ஃபேக்டரியில், தோட்டங்களில் இலை எடுக்கப் போகும் ஒரு வண்டிக்காரர் இலையைக் கையில் அள்ளிப் பார்த்து 5 சதவீதம் கழிப்பார். இன்னொருவர் வானத்தைப் பார்த்தே 10 போடுவார். நோட்டில் எழுதிய காலத்தில், “ஏங்க, இது பனி ஈரம்தானே, இதுக்கு எதுக்குப் பத்து?” என்று விவசாயி கேட்பார். வண்டிக்காரரும் நோட்டில் அடித்துத் திருத்துவார். சண்டை அங்கேயே முடியும்.

அப்புறம் எலக்ட்ரானிக் தராசும் செயலியும் வந்தன. கழிவுக் கட்டத்தில் அவரவர் பழைய கணக்கையே தட்டினார்கள். சாயந்திரம் விவசாயியின் போனில் செய்தி வரும்: எடை 42, கழிவு 4.2, நிகரம் 37.8. சுமார் நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். கிட்டத்தட்ட ஒரு கிலோ தூளே போய்விட்டது என்றுதான் அவர் படிப்பார். பக்கத்துத் தோட்டக்காரரின் போனில் 5 சதவீதம்தான் இருக்கும். மாதக் கடைசியில் ஆபீஸ் வாசலில் கூட்டம். பாதிப் பேர் இலையை வேறு ஃபேக்டரிக்குப் போட்டார்கள். தராசுக்கு வாங்கிய கடன் மட்டும் மிஞ்சியது.

முதலில் பேனாவும் பேப்பரும் போதும். காய்ந்த இலை, பனி இலை, மழை இலை. ஒவ்வொன்றுக்கும் எல்லா வண்டியிலும் ஒரே கழிவு, சாக்குக்குத் தனி. யார் திருத்தலாம் என்பதையும் சேர்த்து, எடை போடும் இடத்தில் ஒட்டுங்கள். ஒரு மாதப் பட்டுவாடா தகராறில்லாமல் முடிந்தால் தராசுக்கு விலை கேளுங்கள். எல்லா ஊருக்கும் இன்றைக்கு இத்தனை சதவீதம் என்று ஆபீஸில் உட்கார்ந்தே போட்டுவிடாதீர்கள். ஜூலையில் கூடலூரில் கொட்டும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கும்.

பெயர்ப் பட்டியலை அப்படியே ஏற்றுவது

ஒவ்வொரு ஹட்டியிலும், அதாவது படகர் ஊரிலும், போஜன் என்ற பெயரில் நாலு பேர் இருப்பார்கள். பாஸ்புக் தாத்தா பெயரில், இலை போடுவது பேரன், உர முன்பணம் வாங்கியது சித்தப்பா. யார் கணக்கில் எதைப் பிடிக்க வேண்டும் என்பது பழைய கிளார்க்குக்கு மனப்பாடம். அவர் ரிட்டயர் ஆவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள்.

விலையை எடையோடு பூட்டுவது

எடை போடும்போதே விலையையும் பதிவது வேண்டாம். தேயிலை வாரியத்தின் மாத விலை பிறகுதான் வரும்.

சிக்னலை நம்புவது

நெட் இல்லாவிட்டால் பதிவு செய்யாத செயலி மலைக்கு ஆகாது.

பழைய நோட்டை உடனே மூடுவது

இரண்டு பட்டுவாடாவாவது நோட்டுக் கணக்கும் கணினிக் கணக்கும் பைசா சுத்தமாக ஒத்துப்போகட்டும். அதுவரை கிளார்க்குக்கு ஓவர்டைம் கொடுங்கள், முனகாமல் கொடுங்கள்.