பிரேக் தேய்மானத்தை நீங்களே பார்த்தறிவது எப்படி?

இருசக்கர வண்டியின் பிரேக் ஒரே நாளில் தேய்ந்துவிடுவதில்லை. சிறுகச் சிறுகத் தேய்வதால் நம் கையும் காலும் தம்மையறியாமலே சற்றுக் கூடுதலாக அழுத்தப் பழகிவிடுகின்றன. அதனால்தான் "என் வண்டியில் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது" என்று சொல்பவரின் வண்டியை வேறொருவர் ஓட்டியதும் திடுக்கிடுகிறார். எனவே, பிடிப்பை மட்டும் நம்பாமல் மாதம் ஒரு முறை, வண்டி குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், தேய்மானத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைக் கையால் அழுத்துங்கள். பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் இறங்கும் தூரம் பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு அதன் கையேட்டில் உண்டு. கூடுதலாக இருந்தால் பிரேக் ராடின் முனையிலுள்ள நட்டை அரைச் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுழற்றி, எங்கும் உரசாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். நட்டின் குழிந்த பக்கம் உருளைப் பின்னின் மேல் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும்; விளிம்பில் ஏறி நின்றால், ஓடும்போது அது தானே இடம் மாறிப் பிரேக் தளர்ந்துவிடும். செயினை இறுக்கிய பிறகும் இந்தச் சோதனை தேவை, ஏனெனில் சக்கரம் பின்னே நகரும்போது பிரேக் ராடும் இழுபட்டு இறுகிவிடும்.

இனி, பெடலை ஒருவரை முழுவதும் அழுத்தச் சொல்லிவிட்டு, டிரம்மின் மூடித் தட்டில் ராடு வந்து சேரும் லிவரைக் கவனியுங்கள். பல வண்டிகளில் அங்கே ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். அது தட்டிலுள்ள கோட்டைத் தொட்டுவிட்டால், உள்ளே டிரம்மை உரசிப் பிடிக்கும் ஷூவில் இறுக்குவதற்கு இனி ஒன்றும் இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த நிலையில் சில ஒர்க்‌ஷாப்களில் லிவரைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பெடல் உடனே சரியாகிவிடும். வண்டிக்காரரும் மகிழ்ச்சியோடு போய்விடுவார். ஆனால் உள்ளே, தேய்ந்துபோன ஷூவை விரிப்பதற்காக, அதைத் தள்ளும் கேம் என்ற சுழல் துண்டு அளவுக்கு மீறித் திரும்புகிறது. அது ஒரேயடியாகப் புரண்டுவிட்டால் ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளும். லிவரின் இடத்தை மாற்ற மெக்கானிக் யோசனை சொன்னால், "ஷூவைக் கழற்றிக் காட்டுங்கள் அண்ணே" என்று கேட்பதில் தவறே இல்லை.

டிஸ்க் பிரேக்கிலும் இதே போன்ற மறைப்பு ஒன்று உண்டு. டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் காலிபரின் பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்பக் கிண்ணத்திலுள்ள பிரேக் ஆயில் இறங்கும். ஆகவே ஆயில் மட்டம் குறைந்தால் கசிவு இருக்கிறதா என்று பார்த்த கையோடு பேடையும் பார்க்க வேண்டும். பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றி நிரப்புவது, தேய்மானம் தந்த எச்சரிக்கையை அழிப்பதாகும். அதோடு, பின்னர் புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, மிகுந்த ஆயில் வழிந்து டேங்கின் பெயிண்டை அரித்துவிடும்.

பேடைப் பார்க்கச் செல்போன் டார்ச் போதும். காலிபரின் இடுக்கில் வெளிச்சத்தைக் காட்டினால், இரும்புத் தகடும் அதில் ஒட்டிய கரிய உராய்வுப் பொருளும் தனித்தனியே தெரியும். பொதுவாக 1 மில்லிமீட்டர்தான் எல்லை என்பார்கள்; நான் 2 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன், ஏனெனில் மீதியைத் தேய்த்து மிச்சப்படுத்தும் பணம் டிஸ்க்கில் கீறல் விழுந்தால் ஆகும் செலவுக்கு ஈடாகாது. இரண்டு பேடுகளையும் பாருங்கள். ஒன்று மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால், காலிபர் நகரும் பின்கள் துருவேறிச் சிக்கியிருக்கக்கூடும்; அவற்றைத் துடைத்து, வெப்பம் தாங்கும் சிலிக்கான் கிரீஸ் இடாமல் புதுப் பேடு போட்டுப் பயனில்லை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கும்போது, இந்த வேறுபாடுதான் கைப்பிடி லிவர் இறுக்கமாக நிற்பதா, ஆயில் கொதித்துப் பஞ்சுபோல் அமுங்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றிக் காற்றெடுக்கச் சொல்லுங்கள். இறக்கத்தில் நியூட்ரலைத் தவிர்த்து, இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்.

ஒரு முறை வாட்டர் சர்வீஸ் முடிந்து வந்த என் வண்டி, முதல் சிக்னலிலேயே நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. டயருக்கு அடித்த பாலிஷ் டிஸ்க்கிலும் படிந்திருந்தது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்தேன். பேடுகள் அந்தப் பாலிஷை உறிஞ்சிவிட்டதால் மாற்றவே நேர்ந்தது. புதுப் பேடு போட்டதும், வண்டியை நகர்த்தும் முன் லிவர் இறுகும் வரை பலமுறை அழுத்திக்கொள்ளுங்கள். முதல் 200 கிலோமீட்டர் வரை திடீரென அழுத்திப் பிடிப்பதைத் தவிர்த்தால் பேடும் டிஸ்க்கும் நன்கு பொருந்தும்.

கூடுதல் பிரேக் வேண்டும் என்று வண்டியில் மாற்றம் செய்ய நினைப்பவர்கள், நல்ல டயர், புதிய ஆயில், தரமான பேடு ஆகிய மூன்றையும் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால், உங்கள் மாடலுக்கென்றே செய்த எஃகு வலை பின்னிய, பிரேக் ஆயில் செல்லும் ஹோஸ் நல்ல மாற்றம், லிவர் உறுதியாகும். வேறு வண்டியின் பெரிய டிஸ்க்கை வெல்டிங் வைத்துப் பொருத்துவதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், அதற்குட்பட்டவற்றுக்கு இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பும் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். லிவர் கனமாக இருக்கிறது என்று அந்த இணைப்புக் கேபிளைக் கழற்றச் சொல்லாதீர்கள். கேபிளுக்கு எண்ணெய் விட்டு, பின்பிரேக்கின் இறுக்கத்தைச் சரிசெய்தாலே பெரும்பாலும் அந்தக் கனம் குறைந்துவிடும்.