லைன் ஃபாலோவர் ரோபோ: முதல் போட்டிக்குப் போகும் அணிக்கு

கல்லூரி சிம்போசியத்தில் லைன் ஃபாலோவர் (தரையில் உள்ள கோட்டைத் தானே பின்தொடர்ந்து ஓடும் ரோபோ) போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கும் அணிக்காக இது. ஆர்டுயினோவில் புரோகிராம் ஏற்றவும் சால்டரிங் செய்யவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் விதிமுறையைப் படியுங்கள். கோட்டின் அகலம், ரோபோவின் அளவு, பேட்டரி வோல்டேஜ் எல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும்.

ஆர்டுயினோ நானோ, 6 வோல்ட் என்20 கியர் மோட்டார் இரண்டு, 8 சென்சார் உள்ள ஐஆர் அரே (அகச்சிவப்புக் கதிரால் கோட்டைப் பார்க்கும் சென்சார் வரிசை), 2 செல் லிப்போ பேட்டரி போதும். மோட்டார் டிரைவருக்குக் கடைக்காரர் எல்298என்-ஐ எடுத்து நீட்டுவார். வேண்டாம். அந்தப் பழைய சிப் ஏறக்குறைய 2 வோல்ட்டைச் சூடாக்கியே தீர்த்துவிடும். டிபி6612 வாங்குங்கள், சின்னது, சூடும் குறைவு. லிப்போ முழு சார்ஜில் 8.4 வோல்ட் இருக்கும், மோட்டாரோ 6 வோல்ட். அதனால் பிடபிள்யூஎம் மதிப்பை (மோட்டார் வேகத்துக்குப் புரோகிராமில் கொடுக்கும் 0 முதல் 255 வரையிலான எண்) 180-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

சக்கரம் பின்னால், சென்சார் முன்னால், பேட்டரி முடிந்தவரை கீழே.

அணிகள் திணறுவது காலிபிரேஷனில்தான், அதாவது எல்லாச் சென்சாரின் மதிப்பையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதில். ஒரே வெள்ளைத் தரையில் ஒரு சென்சார் 60 காட்டும், பக்கத்துச் சென்சார் 140 காட்டும். அதனால் ஆன் செய்ததும் ரோபோவைக் கையால் கோட்டின் மேல் இடமும் வலமும் நகர்த்துங்கள். ஒவ்வொரு சென்சாரின் குறைந்த, கூடிய மதிப்பையும் புரோகிராம் குறித்துக்கொண்டு 0 முதல் 1000-க்குள் மாற்றட்டும். இதைப் போட்டி நடக்கும் டிராக்கிலேயே செய்ய வேண்டும். ஜன்னல் வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. லேபில் எடுத்த மதிப்பு அங்கே உதவாது. சென்சாரைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டுங்கள். தரைக்கு மிக நெருக்கமாகவும் வைக்காதீர்கள், டிராக் அச்சடித்த ஃப்ளெக்ஸ் ஷீட்டின் மடிப்பில் இடிக்கும்.

அப்புறம் பிஐடி, அதாவது கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பார்த்து ரோபோவைத் திருப்பும் கணக்கு. அதில் மூன்று எண்கள்: கேபி இப்போதைய விலகலுக்கு, கேஐ சேர்ந்துவரும் விலகலுக்கு, கேடி விலகல் மாறும் வேகத்துக்கு. கேஐ, கேடி இரண்டையும் பூஜ்யமாக வைத்து, ரோபோ தள்ளாடும்வரை கேபி-யை ஏற்றுங்கள். பிறகு தள்ளாட்டம் அடங்கும்வரை கேடி. கேஐ பெரும்பாலும் தேவைப்படாது. பேட்டரி இறங்கினால் ரோபோவின் நடத்தையே மாறும், எனவே சார்ஜ் நிலையையும் நோட்டில் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: கோட்டை விட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பிஐடி-யைத் தொடாதீர்கள். இடது ஓரச் சென்சாரை விரலால் மூடி, சீரியல் மானிட்டரில் எந்த எண் மாறுகிறது என்று பாருங்கள். வலது ஓரத்தின் எண் மாறினால் அரே திரும்பியிருக்கிறது. சரியாக இருந்தால் இடது, வலது மோட்டார் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.