ஈசினோபில் கூடியிருந்தால் ஒவ்வாமையா, புழுவா என்று பார்ப்பது எப்படி

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஈசினோபில் என்னும் வெள்ளணு வகை அதிகம் என்று குறிக்கப்பட்டிருந்தால், முதலில் விழுக்காட்டை விட்டுவிட்டு மொத்த எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும். ஒரு மைக்ரோலிட்டரில் 5,000 வெள்ளணுக்கள் இருந்து அவற்றில் 8 விழுக்காடு ஈசினோபில் என்றால் கிடைப்பது 400; 500-க்கு உட்பட்டிருப்பதால் அது இயல்பானதே. அதே 8 விழுக்காடு, வெள்ளணுக்கள் 11,000 இருக்கும்போது 880 ஆகிவிடும். ஆய்வகங்கள் ஏ.இ.சி. (ஈசினோபில்களின் மொத்த எண்ணிக்கை) என்று குறிப்பது இந்த எண்ணைத்தான்.

இந்த எண் காரணத்தைச் சொல்லிவிடாது. வீட்டுத் தூசி மூச்சில் போனாலும், கொக்கிப்புழுவின் இளம்புழு பாதத்தைத் துளைத்து நுழைந்தாலும், எதிர்ப்பு அணுக்கள் ஏறத்தாழ ஒரே வழியில்தான் கிளர்ந்தெழுகின்றன. இரண்டாம் வகை டி உதவி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின் என்ற சைகைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றில் இன்டர்லூக்கின்-4, பி செல்களை ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புரதத்தின் உற்பத்திக்குத் திருப்புகிறது, இன்டர்லூக்கின்-5, எலும்பு மஜ்ஜையில் ஈசினோபில்களைப் பெருக்குகிறது, இன்டர்லூக்கின்-13, சளியைக் கூட்டுகிறது. ஐ.ஜி.இ. படிந்த மாஸ்ட் செல்கள் (திசுக்களில் உள்ள எதிர்ப்பு அணுக்கள்) அதே பொருளை மறுபடி சந்திக்கும்போது அரிப்பும் தும்மலும் தரும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. ஈசினோபில் துகள்களிலுள்ள நச்சுப் புரதங்கள் புழுவின் மேல்தோலைச் சிதைக்க வல்லவை. ஆஸ்துமாவில் அதே புரதங்கள் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன.

ஆகவே தும்மலும் தோல் அரிப்பும் எப்போது வருகின்றன, வெறுங்காலுடன் மண்ணில் வேலை செய்ததுண்டா, புதிதாக என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பவற்றை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளான அமீபாவும் ஜியார்டியாவும் பொதுவாக ஈசினோபிலை உயர்த்துவதில்லை என்பதால், மலத்தில் அவை தென்பட்டாலும் தேடலை அத்துடன் நிறுத்தக் கூடாது. யானைக்கால் நோய் உள்ள பகுதியில் வாழ்ந்தவருக்கு இரவில் வறட்டு இருமலும் இழுப்பும் வந்து, எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டினால், ஆஸ்துமா என்று முடிவு கட்டுமுன், யானைக்கால் புழுவால் வரும் வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபிலியாவை நினைக்க வேண்டும். அதில் அந்தப் புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் நுரையீரலிலேயே சிக்கி அழிந்துபோவதால், இரத்தத்தில் புழு தென்படவில்லை என்ற முடிவு அந்த நோயை விலக்கிவிடாது.

எல்லாவற்றிலும் முக்கியமாக, புழு உண்டா என்று பார்க்காமல், உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கக் கூடாது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் புழு உடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கக்கூடியது. ஸ்டீராய்டு கொடுத்தவுடன் ஈசினோபில் இறங்கிவிடும், நோயாளியும் தேறியதாகத் தோன்றும். ஆனால் தடையற்றுப் பெருகும் அந்தப் புழு உயிரையே பறிக்கலாம். ஒரே நாள் மலப் பரிசோதனையில் இது எளிதில் தப்பிவிடும் என்பதால், பல நாள் மாதிரிகளும் இரத்தத்தில் எதிர்ப்புரதச் சோதனையும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், இரத்தம் கொடுக்கும் முன்பே தெரிவித்துவிட வேண்டும். அந்நிலையில் இயல்பாக வரும் எண்ணை வைத்துப் புழு இல்லை என்று சொல்ல முடியாது.